சுற்றிக்கொண்டே நின்ற வட்டம்: வீட்டு வைஃபை பெட்டியின் வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமா இருந்தா சேவ் பண்ணி வச்சுக்கிட்டு, ராத்திரி சாப்பாடு முடிஞ்சு நிதானமா படிங்க.

நம்ம கோவில்ல நேரலை போடுற ஒவ்வொரு தடவையும், பூஜை ஆரம்பிச்ச பத்தாவது நிமிஷத்துல என் கைப்பேசி அடிக்க ஆரம்பிச்சிடும். "தம்பி, படம் நின்னு போச்சு." "அண்ணே, வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு." "போன்ல வருது, டிவியில வரல." நான் கேமரா, ஒயர் பக்கம் நிற்கிற தொண்டூழியன். படிச்சது எஸ்பிஎம் வரைக்கும். வேலை தொழிற்சாலையில சூப்பர்வைசர். கணினிப் படிப்பு எதுவும் கிடையாது. ஆனா இயந்திரம் நின்னா, "யார் தப்பு"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி "எங்க நின்னுச்சு, ஏன் நின்னுச்சு"ன்னு பாக்கணும்னு பல வருஷமா பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். அந்தப் பாடத்தை என் வீட்டுல நானே ஒரு நாள் மறந்தேன். அங்கிருந்துதான் இந்தக் கதை தொடங்குது.

2021 ஜனவரி 28. தைப்பூசம். நடமாட்டக் கட்டுப்பாடு இருந்ததால பத்துமலைக்குப் பக்தர்கள் போக முடியாது. வருஷா வருஷம் மனிதத் தலையாகத் தெரியும் அந்த 272 படிகள் வெறிச்சோடிக் கிடந்தன. அம்மா அப்போ படுத்த படுக்கை. எங்க வீடு வரிசை வீடு. பின்னால, சமையலறைக்கு ஒட்டின அறையில அம்மா இருந்தாங்க. அவங்க பார்க்கணும்னே அந்த அறையில ஒரு டிவி மாட்டி, அதுக்குப் பின்னால இணையத்துல இருந்து படம் எடுக்கிற சின்னக் குச்சி ஒண்ணு சொருகி வச்சிருந்தேன்.

தீபாராதனை நேரம். படம் நின்னுச்சு. வட்டம் சுத்துச்சு. கொஞ்சம் வந்துச்சு, மறுபடியும் நின்னுச்சு. அம்மா கையைக் கூப்பினபடியே அந்த வட்டத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. எனக்குக் கோபம். மாடியில மகன் கைப்பேசியில விளையாடிக்கிட்டு இருந்தான். "உன்னாலதான்டா பாட்டிக்கு சாமி தெரியல"ன்னு கத்திட்டேன். அவன் ஒண்ணும் பேசாம கைப்பேசியை அணைச்சு மேசை மேல வச்சுட்டுப் போயிட்டான். வட்டம் அப்பவும் நிக்கல.

அப்புறம்தான் வைஃபைன்னா என்னன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சது. நம்ம வீட்டுல வர்ற ஒவ்வொரு கோளாறுக்கும் பின்னால ஒரு பழைய கதை இருக்கு. அந்தக் கதை தெரிஞ்சா கோளாறு எங்கன்னு தானாகவே தெரிஞ்சிடும்.

ஹவாய் தீவில் ஆரம்பம்

வைஃபைக்குக் கொள்ளுத்தாத்தான்னு சொல்லணும்னா அது ஹவாய்லதான் பிறந்தது. ஹவாய் பல தீவுகளாச் சிதறிக் கிடக்கிற இடம். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி ஒரு தீவுல. அதைப் பயன்படுத்த வேண்டிய கல்லூரிகள் மற்ற தீவுகள்ல. தொலைபேசிக் கம்பி வழியா இணைக்கலாம்னா செலவு அதிகம், தரமும் சரியில்லை. அங்கே பேராசிரியரா இருந்தவர் நார்மன் ஆப்ராம்சன். அலைச்சறுக்கு விளையாட்டுல பிரியம் உள்ளவர். கம்பியே வேண்டாம், வானொலி அலையில அனுப்பலாம்னு அவரும் அவரோட குழுவும் முடிவு பண்ணாங்க. 1971-ல் அலோஹாநெட் இயங்க ஆரம்பிச்சது. அம்மா அந்த வட்டத்தைப் பார்த்துக்கிட்டு இருந்த வருஷத்துக்குச் சரியா 50 வருஷம் முன்னாடி.

அவங்களுக்கு வந்த பெரிய சிக்கல் இதுதான். எல்லாத் தீவும் ஒரே அலைவரிசையில பேசுது. ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா ரெண்டுமே குழம்பிப் போகும். நம்ம கோவில் ஆண்டுக் கூட்டத்துல ரெண்டு பேர் ஒரே நேரத்துல எழுந்து பேசினா என்ன ஆகும்? அதேதான்.

ஆப்ராம்சன் கண்ட வழி ரொம்ப எளிமையானது. அனுப்பிப் பார். "கிடைச்சது"ன்னு பதில் வந்தா சரி. வரலைன்னா கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அனுப்பு. எவ்வளவு பொறுக்கணும்? அதை ஆளுக்கு ஆள் குலுக்கல் மாதிரி வேற வேறயா வச்சுக்கோ. ரெண்டு பேரும் ஒரே அளவு காத்திருந்தா மறுபடியும் ஒரே நேரத்துலதானே மோதுவாங்க!

இதுல ஒரு குறையும் இருந்தது. கூட்டம் கூடினா மோதல் கூடும். கணக்குப் போட்டுப் பார்த்தா அந்த அலைவரிசையோட முழுத் திறன்ல 18 விழுக்காட்டுக்கு மேல இந்த முறையில பயன்படுத்த முடியாது. மீதி எல்லாம் மோதல்லயும் காத்திருப்புலயும் போயிடும்.

இதை நினைவுல வச்சுக்கோங்க. உங்க வீட்டு வைஃபை இன்னைக்கும் காத்திருந்து, முறை வந்ததும் பேசுற சாதனம்தான். வட்டம் சுத்துதுன்னா பெரும்பாலும் அது முறை கிடைக்காம நிக்குதுன்னு அர்த்தம்.

"முதல்ல கேளு, அப்புறம் பேசு"

அடுத்த கட்டம் கலிபோர்னியாவுல. ஜெராக்ஸ் நிறுவனத்தோட ஆராய்ச்சிக் கூடத்துல ராபர்ட் மெட்கால்ஃப்ன்னு ஒரு இளம் பொறியாளர். அங்கே இருந்த கணினிகளை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இணைக்கணும், லேசர் பிரிண்டரோடயும் இணைக்கணும். ஆப்ராம்சன் எழுதின ஆய்வுக் கட்டுரையை அவர் படிச்சிருந்தார். அதுல ஒரு முக்கியமான திருத்தம் பண்ணார். பேசுறதுக்கு முன்னாடி யாராவது பேசுறாங்களான்னு கேளு. அமைதியா இருந்தா மட்டும் பேசு. பேசும்போதே மோதிக்கிட்டா உடனே நிறுத்து.

1973 மே மாதம் அதை ஒரு குறிப்பா எழுதி வச்சார். பேர் ஈதர்நெட். ஒரு காலத்துல விஞ்ஞானிங்க, ஒளி பரவுறதுக்கு உலகம் முழுக்க "ஈதர்"னு ஒரு பொருள் நிறைஞ்சிருக்குன்னு நம்பினாங்க. அதுல இருந்து எடுத்த பேர். ஹவாய்க்காரங்க காத்துல பண்ணதை மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸ்ங்கிற அவரோட கூட்டாளியும் கம்பிக்குள்ள கொண்டு வந்தாங்க. ரவுட்டருக்குப் பின்னால மஞ்சள் நிறத்திலயோ நீல நிறத்திலயோ சொருகுற கேபிள் இருக்கே, அது இந்த வம்சம்தான்.

இதுல நமக்கு என்ன பாடம்? கம்பிக்குள்ள போற பேச்சை அடுத்த வீட்டுக்காரர் தடுக்க முடியாது. சுவரும் தடுக்காது. அதனால டிவி ஒரே இடத்துல நிக்கிற சாதனம்னா, முடிஞ்சா கேபிள் போடுங்க. கைப்பேசி நடமாடுறது, அதுக்கு வைஃபை வேணும். டிவி எங்கேயும் நடக்கப் போறதில்ல.

மைக்ரோவேவ் அடுப்பு வந்த வழி

இப்போ சமையலறைக்குப் போவோம். இரண்டாம் உலகப் போர் காலத்துல அமெரிக்காவுல பெர்சி ஸ்பென்சர்னு ஒருத்தர் ரேடார் கருவி வேலை பார்த்துக்கிட்டு இருந்தார். 1945-ல் ஒரு நாள் ரேடார் கருவி பக்கத்துல நிற்கும்போது சட்டைப்பையில இருந்த தின்பண்டம் உருகிப் போச்சு. அதுல இருந்து வந்ததுதான் மைக்ரோவேவ் அடுப்பு. 1947-ல் கடைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், எடை 340 கிலோ!

அதே 1947-ல் நாடுகள் எல்லாம் கூடி வானொலி அலைகளைப் பங்கு போட்டாங்க. வானொலி நிலையத்துக்கு இது, கப்பலுக்கு இது, விமானத்துக்கு இதுன்னு பிரிச்சாங்க. சூடு பண்ற கருவிகளுக்குன்னு சில இடம் ஒதுக்கினாங்க. அதுல ஒண்ணுதான் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி. அடுப்பு இரைச்சல் போடுற இடம், அதனால வேற யாருக்கும் அது வேண்டாம். குப்பை அலைவரிசைன்னே அதுக்குப் பேர்.

1985-ல் அமெரிக்கத் தொடர்பு ஆணையம் ஒரு முடிவு எடுத்தது. அந்த மாதிரிக் குப்பைப் பகுதிகளை உரிமம் இல்லாம யார் வேணும்னாலும் குறைந்த சக்தியில பயன்படுத்திக்கலாம், ஆனா மற்றவங்க இடைஞ்சலைப் பொறுத்துக்கணும்னு சொன்னது. இதுக்குப் பின்னால உழைச்சவர் மைக்கேல் மார்கஸ்ங்கிற பொறியாளர். வைஃபைக்கு நாம உரிமக் கட்டணம் கட்டாம இருக்கிறதுக்கு அந்த முடிவுதான் காரணம். நம்ம வைஃபை அடுப்போட ஒரே அறையில குடித்தனம் பண்றதுக்கும் அதுவே காரணம்.

அடுப்பு நல்லா மூடித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனா உள்ளே ஓடுற சக்தி 700, 800 வாட். ரவுட்டர் வானத்துல அனுப்புறது ஒரு வாட்ல பத்துல ஒரு பங்கு அளவுதான். கதவு இடுக்குல கசியுற துளி, நம்ம உடம்புக்கு ஆபத்தில்லாத அளவு, ரவுட்டரோட குரலை அமுக்கிடப் போதும்.

பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதே அறையிலதான் பேசுது. 2.4-ல் பேருக்கு 13 சேனல் இருக்கு. ஆனா ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம இருக்கிறது 1, 6, 11-ன்னு மூணே மூணுதான். ஒரு ஃபிளாட்ல மாடிக்குப் பத்து வீடு, பத்து வீட்டுலயும் ரவுட்டர். மூணு வரிசையில எல்லாரும் நிக்கணும். கட்டுப்பாட்டுக் காலத்துல எல்லாரும் வீட்டுலயே இருந்தாங்க. வரிசை எவ்வளவு நீளமா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

கல்லாப்பெட்டியில் இருந்து கையடக்கக் கணினிக்கு

அந்தக் குப்பை அலைவரிசையை முதல்ல பயன்படுத்த நினைச்சவங்கள்ல ஒருத்தர் கடைக் கல்லாப்பெட்டி செய்யுற என்சிஆர் நிறுவனம். பெரிய கடைகள்ல கல்லாவை இடம் மாத்தி வைக்கும்போதெல்லாம் தரையைத் தோண்டி ஒயர் போடணும். ஒயரே இல்லாம இணைச்சா என்னன்னு நெதர்லாந்துல இருந்த அவங்க பொறியாளர்கள் வேலையை ஆரம்பிச்சாங்க. ஆனா ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி செஞ்சா ஒண்ணோட ஒண்ணு பேசாதே. பொதுவான விதி வேணும். 1990-ல் அதுக்குன்னு ஒரு குழு அமைஞ்சது, எண் 802.11. தலைவர் விக் ஹேய்ஸ். பத்து வருஷம் அந்தக் குழுவை அவர் நடத்தினார். போட்டி நிறுவனங்களை ஒரே மேசையில உட்கார வச்சு ஒத்துக்க வைக்கிறது லேசான வேலை இல்லை. கோவில் நிர்வாகத்துல இருக்கிறவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

1997-ல் முதல் விதி வந்தது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-ல் 11 மெகாபிட் ஆச்சு. அதே வருஷம் நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து, 802.11-ன்னு சொன்னா யாருக்கும் வாயில நுழையாதுன்னு, பேர் வைக்கிற ஒரு நிறுவனத்துக்கிட்ட காசு கொடுத்து "வைஃபை"ங்கிற பேரை வாங்கினாங்க. அதுக்குத் தனியா விரிவாக்கம் எதுவும் கிடையாது. அதே 1999 ஜூலையில ஸ்டீவ் ஜாப்ஸ் நியூயார்க் மேடையில புது மடிக்கணினியைத் தூக்கிப் பிடிச்சு, இணையம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு வளையத்தை அதைச் சுத்தி நுழைச்சு எடுத்துக் காட்டினார். ஒயர் இல்லைன்னு கூட்டம் கைதட்டுச்சு. அன்னையில இருந்துதான் இது வீட்டுக்குள்ள வர ஆரம்பிச்சது.

சுவர் எதிரொலியும் ஆஸ்திரேலியாவும்

வீட்டுக்குள்ள அலை நேரா மட்டும் போகாது. சுவர்ல, அலமாரியில, கண்ணாடியில பட்டுத் திரும்பும். பெரிய மண்டபத்துல ஒலிபெருக்கி எதிரொலிச்சு ஒரு வார்த்தையும் புரியாம போகுமே, அதே மாதிரி. ஆஸ்திரேலியாவோட சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்துல ஜான் ஓ'சல்லிவன் குழு இதுக்கு வழி கண்டுச்சு. அவர் வானொலி விண்வெளி ஆய்வாளர். சின்னக் கருந்துளை வெடிச்சா வரக்கூடிய அலையைத் தேடினவர். தேடினது கிடைக்கல. ஆனா கலங்கின அலையைப் பிரிச்செடுக்கிற அந்தக் கணக்கு அனுபவம் பிறகு வீட்டுக்குள்ள எதிரொலியைச் சமாளிக்க உதவிச்சு. வேகமான ஒரே பேச்சைப் பல மெதுவான பேச்சா பிரிச்சு ஒரே நேரத்துல அனுப்புறது அந்த வழி. 1996-ல் அமெரிக்காவுல அதுக்குக் காப்புரிமை கிடைச்சது.

அப்புறம் 5 கிகாஹெர்ட்ஸ் வந்தது. அங்கே கூட்டம் குறைவு, அடுப்பும் இல்லை, வேகமும் அதிகம். ஆனா சுவர் தாண்டுறதுல 2.4-ஐ விட அது பலவீனம். நம்ம நாட்டு வீடுகள் செங்கல், சிமெண்டு. ரெண்டு சுவர் தாண்டினாலே களைச்சுப் போயிடும். மீன் தொட்டியும் இடைஞ்சல், தண்ணி அலையை உறிஞ்சும். இரும்பு அலமாரி, பெரிய கண்ணாடி ரெண்டும் திருப்பி அடிக்கும்.

அதனால ஒரு சின்ன விதி. டிவியும் ரவுட்டரும் ஒரே அறைன்னா 5. ஒரு சுவருக்கு அப்பால்னா 5-ஐப் போட்டுப் பாருங்க, நிக்கலைன்னா 2.4. ரெண்டு மூணு சுவர்னா கேபிள்.

வீட்டு எண் பற்றாக்குறை

"ரவுட்டரை அணைச்சுப் போட்டா சரியாயிடுது, ஏன்?" இது எல்லாரும் கேக்குற கேள்வி. இதுக்கும் கதை இருக்கு.

1981-ல் இணையத்துக்கு முகவரி விதி எழுதினபோது சுமார் 430 கோடி முகவரிக்கு இடம் விட்டாங்க. அன்னைக்கு அது கடல் மாதிரித் தெரிஞ்சது. 1990-கள்லயே பத்தாதுன்னு தெரிஞ்சிடுச்சு. அதனால 1994-ல் ஒரு ஒட்டு வேலை வந்தது. ஒரு வீட்டுக்கு வெளியுலகத்துல ஒரே முகவரி. உள்ளே இருக்கிற சாதனங்களுக்கு ரவுட்டரே தனி எண் கொடுக்கும். உங்க வீட்டுல 192.168-ன்னு ஆரம்பிக்கிற எண் அதுதான். உலகம் முழுக்க கோடிக்கணக்கான வீட்டுல அதே எண்தான் இருக்கு. வெளியில இருந்து வர்ற ஒவ்வொண்ணும் யாருக்கு வந்ததுன்னு ரவுட்டர் ஒரு பட்டியல் எழுதிக்கிட்டே இருக்கும். ஃபிளாட் காவலாளி கையில இருக்கிற புத்தகம் மாதிரி.

சின்ன ரவுட்டருக்கு நினைவாற்றல் கொஞ்சம்தான். வாரக்கணக்குல ஓடிக்கிட்டே இருந்தா அந்தப் புத்தகம் குழம்பிப் போகலாம். அணைச்சா புதுப் புத்தகம். முப்பது வினாடி பொறுத்துப் போடுங்க. முதல்ல ஃபைபர் பெட்டி, அதோட விளக்கு நிலையானதும் ரவுட்டர், கடைசியா டிவி. பின்னால சின்னத் துளை இருக்கும், அதுல குச்சி விட்டு அழுத்தவே அழுத்தாதீங்க! அது எல்லா அமைப்பையும் அழிச்சிடும். அப்புறம் இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பேரையும் கடவுச் சொல்லையும் தேடி அலையணும். நான் போன வீடுகள்ல பாதி இந்தக் கேஸ்தான்.

இன்னொண்ணு. கைப்பேசியில இருந்து டிவிக்குப் படம் அனுப்பணும்னா ரெண்டும் ஒரே வீட்டு வலையில இருக்கணும். கைப்பேசி மொபைல் டேட்டாவுல இருந்தாலோ, விருந்தினர் வைஃபையில இருந்தாலோ டிவியைக் கண்டே பிடிக்காது. "டிவி காணோம்"னு சொல்றவங்க முதல்ல இதைப் பாருங்க.

காப்பிக் குடமும் முதல் நேரலையும்

இணையத்துல நேரலை எப்படி வந்தது தெரியுமா? 1991-ல் இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுக்கூடத்துல ஒரே ஒரு காப்பிக் குடம். மாடி இறங்கிப் போனா காலியா இருக்கும். சலிச்சுப் போய் அது மேல ஒரு கேமரா வச்சு, அவங்கவங்க கணினியில இருந்தே பார்த்தாங்க. 1993-ல் அது இணையத்துக்கு வந்து உலகமே பார்த்தது. கறுப்பு வெள்ளைப் படம், தபால்தலை அளவுதான். 2001-ல் அணைச்சாங்க.

1995 செப்டம்பர்ல அமெரிக்காவுல ஒரு பேஸ்பால் ஆட்ட வர்ணனையை இணையத்துல நேரடியா ஒலிபரப்பினாங்க. வெறும் குரல்தான். அதுக்கே விக்கல் எடுக்கும். விக்கலுக்கு மருந்தாத்தான் சேமிச்சு வச்சுக் காட்டுற முறை வந்தது. சில வினாடிப் படத்தை முன்கூட்டியே வாங்கி வச்சுக்கிட்டு அப்புறம் காட்டும். சேமிப்பு தீர்ந்தா வட்டம். தோட்டத்துல தண்ணித் தொட்டி மாதிரி. குழாய் நின்னாலும் தொட்டியில இருக்கிற வரைக்கும் கவலை இல்லை.

2009-க்குப் பிறகு படத்தைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, ஒரே துண்டைப் பல தரத்துல தயாரா வைக்கிற முறை பரவிச்சு. இணைப்பு பலவீனமானா தரத்தைக் குறைச்சு அனுப்பும். அதனாலதான் சில நேரம் படம் மங்கும், ஆனா நிக்காது. டிவியில தரத்தை நீங்களே அதிகபட்சமா வச்சிருந்தா அதை "தானியங்கி"க்கு மாத்துங்க. அதோட, கோவில்ல மணி அடிச்சு அரை நிமிஷம் கழிச்சுதான் உங்க டிவியில கேக்கும். அது கோளாறு இல்லை, தொட்டி நிரம்புற நேரம்.

நம்ம நாட்டில்

நம்ம பக்கம் 1990-கள்ல தொலைபேசிக் கம்பியில கீச்சு கீச்சுன்னு சத்தம் போடுற மோடம். யாராவது போன் பண்ணா இணையம் அறுந்துடும். 2001-ல் ஸ்ட்ரீமிக்ஸ் வந்தது, போனும் இணையமும் ஒரே கம்பியில சேர்ந்து ஓடிச்சு. 2010-ல் ஃபைபர் வீட்டுக்கே வர ஆரம்பிச்சது. கண்ணாடி இழையில ஒளி. அதுல மின்னல் ஓடாது. ஆனா ரவுட்டருக்குப் போற மின்சாரத்துல ஓடும். இடி நம்ம ஊருல அதிகம். வானம் கறுத்தா பிளக்கைக் கழட்டிடுங்க.

எங்க வீட்டுல என்ன நடந்தது

இவ்வளவும் படிச்ச பிறகு எங்க வீட்டை ஒரு இயந்திரம் மாதிரிப் பார்த்தேன். ரவுட்டர் முன் ஹால்ல, டிவி அலமாரிக்குள்ள, மீன் தொட்டிக்குப் பின்னால. அம்மா அறைக்கு நடுவுல மூணு சுவர். கடைசிச் சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. அந்தச் சுவரை ஒட்டித்தான் மைக்ரோவேவ்.

கைப்பேசியை ரவுட்டர் பக்கத்துல வச்சுப் பார்த்தேன், நேரலை அருமையா ஓடுச்சு. அப்படின்னா இணைய நிறுவனத்து மேல தப்பு இல்லை. நேரலைக்கு நொடிக்குச் சில மெகாபிட்தான் வேணும், எங்க இணைப்பு அதைவிடப் பல மடங்கு. அம்மா அறையில பார்த்தேன், தட்டுத் தடுமாறி ஓடுச்சு. அப்போ மனைவி கஞ்சி சூடு பண்ணப் போனாங்க. அடுப்பு ஓட ஆரம்பிச்சது. படம் நின்னுச்சு. "டிங்"னு அடுப்பு அடங்குச்சு. படம் வந்துச்சு.

நான் அப்படியே உட்கார்ந்துட்டேன். தைப்பூசத்தன்னைக்கும் அம்மாவுக்குத்தான் கஞ்சி, அம்மாவுக்குத்தான் பால். அவங்களுக்குச் சூடு பண்ணப் பண்ண அவங்க படமே நின்னுருக்கு. மகன் விளையாட்டுக்கும் இதுக்கும் பெரிசா சம்பந்தமே இல்லை. அந்த மாதிரி விளையாட்டு இழுக்கிற டேட்டா ரொம்பக் கொஞ்சம்.

ரவுட்டரை வெளியில எடுத்து அலமாரிக்கு மேல வச்சேன். முப்பது ரிங்கிட்டுக்குள்ள ஒரு நீளக் கேபிள் வாங்கி, சுவரோரமா ஆணி அடிச்சு அம்மா டிவிக்குக் கொண்டு போனேன். கேபிளைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் மகன்தான். அப்போதான், "அன்னைக்கு உன் மேல தப்பு இல்லடா. அப்பாதான் பார்க்காம கத்திட்டேன்"னு சொன்னேன். "தெரியும்பா"ன்னான். அவ்வளவுதான்.

அந்த மார்ச் மாதம் பங்குனி உத்திரத்துக்கு நேரலை ஒரு தடவைகூட நிக்கல. அடுப்பும் ஓடுச்சு. அம்மா முழுசாப் பார்த்தாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல அவங்க போயிட்டாங்க.

இப்போ உங்களுக்குச் சொல்றேன். அடுத்த தடவை வட்டம் சுத்தினா இந்த வரிசையில பாருங்க:

1. ஃபைபர் பெட்டியில சிவப்பு விளக்கு எரியுதா? எரிஞ்சா அது வெளிக் கோளாறு. நிறுவனத்துக்குப் போன் பண்ணுங்க, வீட்டுல ஒண்ணையும் தொட வேண்டாம்.
2. கைப்பேசியை ரவுட்டர் பக்கத்துல வச்சுப் பாருங்க. அங்கே நல்லா ஓடினா கோளாறு வீட்டுக்குள்ள, காத்துல.
3. ரவுட்டர் எங்கே இருக்கு? அலமாரிக்குள்ள, மீன் தொட்டிக்குப் பின்னால, தரையில இருந்தா மேலே எடுத்து வைங்க.
4. அடுப்பு ஓடுதா? 5-க்கு மாறுங்க, இல்லைன்னா கேபிள்.
5. கடைசியாத்தான் அணைச்சுப் போடுறது. துளையைத் தொடாதீங்க.

இதுல எங்கேயும் "யார் தப்பு"ன்னு ஒரு வரி இல்லை, கவனிச்சீங்களா? ஒரே காத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கிட்டு, கேட்டுப் பேசி, பொறுத்துப் பேசுற அமைப்பு இது. பிள்ளைங்களைத் திட்டுறதுக்கு முன்னாடி ரவுட்டர் எங்கே இருக்குன்னு ஒரு நிமிஷம் பாருங்க.

படுக்கையில இருக்கிற பெரியவங்க, நடக்க முடியாதவங்க வீட்டுல இந்தப் பிரச்சினை இருந்தா கோவில் அலுவலகத்துல சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமைகள்ல நானும் ரெண்டு தம்பிங்களும் வந்து பார்த்துக் கொடுக்கிறோம். கட்டணம் கிடையாது. கேபிள் மட்டும் நீங்க வாங்கிக்கணும். பின்னால நிக்கிற ரெண்டு தம்பிங்கள்ல ஒருத்தன் என் மகன்.

எழுதினதுல தப்பு இருந்தா பொறுத்துக்கிட்டு கீழே சொல்லுங்க, திருத்திக்கிறேன்.